கூரை போட்ட பாலைவனம்

மண்ணும் செடியும் பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நல்லது. வெயிலில் அலைய வேண்டும், முழங்கால் வலிக்கும், கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் விளக்கிச் சொல்வதற்குள் பந்தி முடிந்துவிடும். அதெல்லாம் போகப் போக நீங்களே தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. பெங்களூரில் நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரு பூங்காவில் நடந்த விவகாரம் அது. அதில் செத்தது கள்ளிச்செடிகள்தான். ஆனால் போக இருந்தது ஒரு பெண்ணின் வேலையும் பேரும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. உங்களில் பாதிப் பேர் மடிக்கணினியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிலத்துக்கே போகிறீர்கள். வெப்பமும் மழையும் அதிகம் என்றால் மழைக்காடு. மழை குறைந்தால் இலையுதிர் காடு, இன்னும் குறைந்தால் புல்வெளி, அதற்கும் கீழே போனால் பாலை. பாடம் அப்படித்தான் சொல்கிறது, பொய் இல்லை. தட்பவெப்பம்தான் பெரிய முதலாளி. ஆனால் முதலாளி சொன்னதெல்லாம் அப்படியே கடையில் நடந்துவிடுகிறதா என்ன? கல்லாவில் உட்கார்ந்திருப்பது மண். ஒரே மழை பெய்கிற இரண்டு மேடுகளில் ஒன்றில் மரம் நிற்கும், இன்னொன்றில் புல்தான் நிற்கும். புல் மேட்டைத் தோண்டிப் பார்த்தால் ஒரு சாணுக்குக் கீழே பாறை இருக்கும். மழைக்காட்டு மண் கொழுத்த மண் என்று நம்பி, காட்டை அழித்து விதைத்தவர்கள் சில போகத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே சத்தெல்லாம் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் இருந்தது. மண்ணை மழை எப்போதோ கழுவிக் கொண்டு போயிருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரை நாங்கள் ப்ரொஃபசர் என்றுதான் கூப்பிடுவோம். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கல்லூரியை விட்டு வந்து வெகு காலமாகியும் அந்தப் பேர் போகவில்லை. மனிதர் கோபக்காரர். குழி தோண்டாமல் மண்ணைப் பற்றி யாராவது பேசினால், "நீங்க ஜோசியரா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியை நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு, அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவர் பின்னாலேயே மண்வெட்டியோடு அலைந்திருக்கிறேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

பெங்களூருக்கு வெளியே, பொம்மசந்திராவைத் தாண்டி அத்திபெலே போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே, தனியார் அறக்கட்டளை ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்தப் பூங்காவைக் கட்டியது. உலகத்தின் நிலவகைகள் எல்லாம் ஒரே இடத்தில். ஒரு மூலையில் மழைக்காடு, நாள் முழுக்கத் தண்ணீர் தூவும் குழாய்களோடு. அதை ஒட்டிப் பாலைவனம். அப்புறம் சவானா, மிதவெப்பப் புல்வெளி, நீலகிரிச் சோலைக்காடு. வட துருவத்துத் தூந்திராவை மட்டும் ஏசி அறைக்குள் வைத்திருந்தோம். கரண்ட் போனால் துருவம் உருக ஆரம்பித்துவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று கேட்பதற்கு, "துருவம் இருக்கா?" என்றுதான் அங்கே எல்லாரும் கேட்பார்கள்.

வடிவமைப்பு ப்ரொஃபசருடையது. எழுபதைத் தாண்டியிருந்தார், அவருடைய கடைசிப் பெரிய வேலை அது. மண் ஆலோசகராக என்னையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் நான் வந்தபோது பாலைவனம் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தது. இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, மணலும் சரளையும் நிரப்பி, மேலே ஒளி ஊடுருவும் கூரை போட்டிருந்தார். பெங்களூரில் சித்திரை வைகாசியில் சாயங்காலமானால் இடி மின்னலோடு கொட்டும் இல்லையா, அதில் ஒரு சொட்டுக்கூட உள்ளே விழாது. வெயில் மட்டும் விழும். "இந்த ஊர்ல பாலைவனம் பண்ணணும்னா வானத்தை மூடணும்மா. வேற வழி இல்ல" என்றார் என்னிடம். அந்தக் கூரையை நானே மெச்சியிருக்கிறேன்.

பாலைவனத்துக்குப் பொறுப்பாளர் ஸ்டெல்லா. கோலார் தங்கவயல் பெண். தாத்தா காலத்தில் வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். சுரங்கம் மூடிய பிறகு அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது இவளுடையதுதான். தாவரவியல் படித்தவள். விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்து, இங்கே பஸ் மாறி, எங்களுக்கு முன்னால் பூங்காவில் நிற்பாள். இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. பாலைவனத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு உண்டு. சாவி அவள் ஒருத்தியிடம்தான்.

திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிகள் திறக்கிற வாரத்தில் விழா, அமைச்சர் வருகிறார், பந்தல்காரர்கள் வந்து அளவெடுத்துப் போயாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரிய கள்ளி ஒன்று சாய்ந்தது. யாரோ ஒரு குடும்பம் பல வருஷம் மாடியில் வளர்த்துப் பூங்காவுக்குக் கொடுத்த உருண்டைக் கள்ளி. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். தூக்கினால் அடிப்பாகம் கூழாக வந்தது, அழுகிய பூசணிக்காய் நாற்றம். மறுநாள் இன்னும் இரண்டு சாய்ந்தன.

கள்ளி அழுகினால் தோட்டக்காரன் எவனும் யோசிக்க மாட்டான். தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். தண்ணீர் அதிகம் என்றால் யாரோ விட்டிருக்க வேண்டும். சாவி யாரிடம்?

பூங்காவின் டைரக்டர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் விழா நெருங்க நெருங்க மூளை ஒரு பக்கமாகவும் வாய் இன்னொரு பக்கமாகவும் ஓடிக்கொண்டிருந்த மனுஷர். தோட்டக்காரர்கள் எல்லாரும் நிற்க, ஸ்டெல்லாவைக் கன்னடத்தில் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அக்கறை இல்லை, படித்த திமிர், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறாள் என்றெல்லாம் சொன்னார். கடைசியில், நாளைக் காலை சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று முடித்தார். நான் அப்போதுதான் உள்ளே வருகிறேன். ஸ்டெல்லா அழவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"நான் தண்ணியே உடல மேடம்" என்றாள் என்னிடம், அவர் போன பிறகு. "இந்த மாசம் பூரா அந்தப் பூட்டையே தொறக்கல. சாவி என்கிட்ட இருந்ததுதான் தப்பா? வெளிய போனா இன்னா சொல்லுவாங்க, கள்ளியவே சாவடிச்சவன்னுதான சொல்லுவாங்க? எந்தத் தோட்டத்துல என்னை சேப்பாங்க?"

தோட்டக்காரர்களில் மூத்தவர் முனிராஜு. அவரைக் கூப்பிட்டு மணலைப் பார்க்கச் சொன்னேன். நம் தொழிலில் எல்லாரும் செய்கிற மாதிரியே விரலை மணலுக்குள் விட்டுப் பார்த்தார். "ஒணகிதே மேடம்" என்றார். காய்ந்துதான் இருக்கிறது. நானும் விரலை விட்டேன். சுடச்சுடக் காய்ந்த மணல். சரி, ஒரு வாரம் முன்னால் விட்ட தண்ணீர் இப்போது காய்ந்திருக்கும் என்று டைரக்டர் சொல்லிவிடலாமே.

"சின்னதெல்லாம் நல்லாத்தான மேடம் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா, பாதி எரிச்சலோடு. பார்த்தேன். கட்டை விரல் அளவுக் கள்ளிகள் எல்லாம் கிண்ணென்று நின்றன. சில பூத்துக்கூட இருந்தன. அழுகியவை எல்லாம் பெரியவை, ஆழமாக நட்டவை. மேலிருந்து தண்ணீர் விட்டிருந்தால் சின்னவைதானே முதலில் போக வேண்டும்? மண்டைக்குள் ஏதோ உறுத்தியது, பிடிபடவில்லை.

பிடிபட்டது அன்று மத்தியானம், தூந்திராவில். பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லப் போகிற கல்லூரி மாணவிகளுக்கு ஸ்டெல்லா பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது, ஆனாலும் இன்றைய வேலையைச் செய்துகொண்டிருந்தாள். வெயில் தாங்காமல் நான் அந்த ஏசி அறைக்குள் போய் மூலையில் உட்கார்ந்தேன். அவள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"தூந்திரால மழையும் பனியும் ரொம்பக் கம்மி. சில பாலைவனத்துல பெய்யற அளவுதான். ஆனா வெயில் காலத்துல அங்க கால் வெச்சா சேறு. ஏன்? அடியில மண்ணு உறைஞ்சு கெடக்கு. மேல உருகற தண்ணி கீழ எறங்க முடியாம அங்கியே தேங்கிடும்."

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி கீழே விழுந்தது.

எங்கள் பாலைவனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? அந்த வட்டாரத்துச் செம்மண்ணை உங்களுக்குத் தெரியும். மேலே ஒரு முழம் பொலபொலவென்று இருக்கும், அதற்குக் கீழே இறுகிய செங்களி. அந்தக் களியைக் குழியாக வெட்டி மணலைக் கொட்டியிருக்கிறோம். வெட்டிய இயந்திரம் ஓடி ஓடி அடியை இன்னும் கெட்டியாக்கியிருக்கும். பக்கத்தில் மழைக்காடு, நாள் முழுக்கத் தண்ணீர் தூவுகிறது. சுற்றியுள்ள நடைபாதையில் விழுகிற மழையும் சரிந்து அந்தப் பக்கம்தான் போகிறது. மேல் மண் வழியாகப் பக்கவாட்டில் கசிகிற தண்ணீருக்குப் பள்ளமான இடம் எது? நாம் வெட்டி வைத்த குழி. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே போக வழி? வைக்கவே இல்லை. வானத்தை மூடினோம், நிலத்தை மறந்தோம். மேலே பாலைவனம், அடியில் குளம். விரல் எட்டுகிற ஆழத்துக்குத் தண்ணீர் ஏறவே இல்லை, அதனால் விரல் எங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

இது என் ஊகம்தான். நிரூபிக்க வேண்டுமானால் தோண்ட வேண்டும். டைரக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"மேடம், ஜோக் பண்றீங்களா?" என்றார். "ஓப்பனிங் வெச்சுக்கிட்டு தோண்டறேன்றீங்க. காலையில நர்சரிலேர்ந்து புதுக் கள்ளி லாரியில வருது. தொட்டியோட மணல்ல புதைச்சு, மேல கூழாங்கல் போட்டுட்டா முடிஞ்சது. மினிஸ்டர் வந்து போற வரைக்கும் நிக்கும்ல? போதும்."

"ஸ்டெல்லா?"

"அது முடிஞ்சு போன விஷயம். ப்ரொஃபசர் டிசைன்ல தப்புன்னா சொல்றீங்க? நீங்களா?"

அந்த 'நீங்களா' சுருக்கென்று தைத்தது. வெளியே வந்து ப்ரொஃபசருக்குப் போன் போட்டேன்.

"சார், பாலைவனத்தைத் தோண்டணும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சார். அடியில தண்ணி நிக்குதுன்னு நினைக்கறேன். வழி இல்லாம நிக்குது."

"காலையில வரேன். நான் வர்ற வரைக்கும் கை வெக்காதே." போனை வைத்துவிட்டார்.

விவேக் நகரில் என் வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. அவர் தடுக்கத்தான் வருகிறார் என்று மனசு சொன்னது. தடுத்தால் எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் உண்டா? உண்மையைச் சொன்னால், இல்லை. அவரை அவமானப்படுத்தப் போகிறேனே என்ற வேதனை ஒரு பக்கம். பூட்டைத் திறக்காத குற்றத்துக்கு ஒரு பெண் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாளே என்பது ஒரு பக்கம்.

காலையில் நான் போனபோது லாரி வாசலில் நின்றது. ஸ்டெல்லா கையில் சாவியோடு நின்றாள். டைரக்டர் இன்னும் வரவில்லை. ப்ரொஃபசருக்குப் போன் போட்டால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டியிருக்கிறார், எடுத்து 'வரேன்' என்று மட்டும் சொன்னார். லாரிக்காரர் தொட்டிகளை இறக்க ஆரம்பித்தார். இனி காத்திருந்தால் அந்த மணலுக்கு மேல் தொட்டி ஏறிவிடும். தொட்டி ஏறிவிட்டால் விழா முடிகிற வரை யாரும் தொட விட மாட்டார்கள். அதற்குள் ஸ்டெல்லா இருக்க மாட்டாள்.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் யாரிடமாவது அனுமதி வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், கொடுக்க யாரும் இல்லை. பெரியவர் மேல் வைத்த மரியாதை வேறு, அவருடைய குழிக்குள் இருக்கிற தண்ணீர் வேறு. முதலாவதற்காக இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால் நாம் பார்ப்பது மண் வேலையே இல்லை. முனிராஜுவிடம் மண்வெட்டியை வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு நின்ற முனிராஜுவும் மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஸ்டெல்லா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தோண்டிய மணலைப் பாண்டுச் சட்டியில் அள்ளி வெளியே கொட்டினாள்.

முழங்கால் ஆழம் வரை காய்ந்த மணல். அந்த நேரம் டைரக்டரின் கார் வந்தது.

"யாரைக் கேட்டு தோண்டறீங்க? நிறுத்துங்க! எல்லாரும் மேல வாங்க!"

தோட்டக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். நானும் நிமிர்ந்தேன். டைரக்டருக்குப் பின்னால் ஆட்டோவிலிருந்து ப்ரொஃபசர் இறங்கிக்கொண்டிருந்தார். போக்குவரத்து நெரிசலில் டாக்ஸியை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்திருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. நேராகக் குழி ஓரத்துக்கு வந்து குனிந்து பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. குழியைத்தான் பார்த்தார்.

"நான் வர்ற வரைக்கும் கை வெக்காதேன்னேனே" என்றார்.

"சாரி சார்."

"சாரி கெடக்கட்டும். பாதியில ஏன் நிறுத்தின? இன்னும் தோண்டு."

டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ப்ரொஃபசர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தோண்டும்மா" என்றார் மறுபடியும். நான் தோண்டினேன். முனிராஜுவும் தோண்டினார். இன்னும் ஒரு சாண் போனதும் மணலின் நிறம் மாறியது. அப்புறம் மண்வெட்டி சளக்கென்றது. குழியின் அடியில் மழைக்காட்டுப் பக்கத்துச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து, எங்கள் கண் முன்னால் கணுக்கால் அளவுக்கு நின்றது. கறுத்த தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். குழாயைத் திறந்துவிட்டு ஓடியதால் வருகிற தண்ணீர் இல்லை அது. மாதக்கணக்காகத் தேங்கிச் செத்த தண்ணீர்.

ப்ரொஃபசர் செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் உள்ளே இறங்கினார். அடியில் இருந்த களியை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். அது உள்ளங்கையில் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. அதை டைரக்டரிடம் நீட்டினார்.

"கூரைக்கு ஒரு வருஷம் கணக்குப் போட்டேன். இதுக்கு ஒரு நாள்கூட போடல. தண்ணி வெளிய போக வழி வெக்காதது நான். இந்தப் பொண்ணு இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்னம்மா வந்துச்சு? தண்ணி எறைக்கற வழியப் பாரு" என்றார். திட்டு வாங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கள்ளிகள் லாரியோடு திரும்பிப் போயின. விழா அன்று பாலைவனத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்தோம். அமைச்சர் அவசரத்தில் சவானாவோடு கிளம்பிவிட்டார், கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் அடியில் சரிவு கொடுத்து, குழாய் பதித்து, மறுபடி மணல் போட்டோம். அந்தச் சரிவை எந்தப் பக்கம் கொடுப்பது என்று ப்ரொஃபசர் கேட்டது என்னிடமும் ஸ்டெல்லாவிடமும்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல விரும்பியது அந்தக் காலையில், குழி ஓரத்தில் நடந்த கடைசி விஷயம். ப்ரொஃபசர் பேசி முடித்ததும் டைரக்டர் குழியைச் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு ஸ்டெல்லா பக்கம் போய், குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில், "சாரி, ஸ்மால் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். யூ ப்ளீஸ் கன்டினியூ" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? ஸ்டெல்லா நகரவில்லை.

"சார்" என்றாள். "நேத்து எல்லார் முன்னாடியும் திட்னீங்க. கன்னடத்துல திட்னீங்க, இவங்க எல்லாருக்கும் புரியறா மாதிரி. இப்ப எனக்கு மட்டும் கேக்கறா மாதிரி இங்கிலீஷ்ல சொன்னா எப்டி சார்?"

வாளி எடுக்க மேலே ஏறி அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். அடி பைத்தியக்காரி, இப்போதுதானடி பிழைத்தாய் என்று அவள் கையைக் கிள்ளலாமா என்று பார்த்தேன். சேற்றில் நின்ற ப்ரொஃபசர் வெளியே ஏறி வரவில்லை, டைரக்டரைப் பார்த்தபடியே நின்றார். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பார்த்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டிகளோடு நின்ற தோட்டக்காரர்கள் பக்கம் அவர் திரும்பினார்.

"ஸ்டெல்லாது ஏனூ தப்பில்ல" என்றார், கன்னடத்தில். ஸ்டெல்லா மேல் ஒரு தப்பும் இல்லை.

ஒருவரும் அசையவில்லை. குழிக்குள்ளிருந்து முனிராஜு, மண்வெட்டியில் சாய்ந்தபடி, ரொம்பப் பணிவாக, "கேளிசலில்ல சார்" என்றார். காதில் விழவில்லையாம்.

டைரக்டர் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சத்தமாக.